காப்பும் மீட்பும் – 9: காலியிடத்துக்கும் இடம் வேண்டும்

2023 ஒக்டோபர் கடைசியில் ரொறன்ரோ பொது நூலகத்தின் கணினிகளை ரான்சம்வெயர் முடக்கியதையும், பதிய வழியில்லாத புத்தகங்கள் ட்ரெயிலர்களில் குவிந்ததையும் சென்ற கிழமை படித்திருப்பீர்கள். பெரிய சேர்வரில் இருந்து ஒரு தரவுத்தளத்தை மட்டும் எடுத்துச் சின்னச் சேர்வரில் எப்படி எழுப்புவது என்று இந்தக் கிழமை படிப்படியாகச் சொல்வதாக இருந்தேன். இடம் போதுமா என்று பார்க்கும் முதல் படியைத் தாண்ட முடியவில்லை. அந்தப் படியிலேயே அவ்வளவு இருக்கிறது.

மிசிசாகாவில் டிக்ஸி வீதிப் பக்கம் ஒரு மொத்த வியாபார அலுவலகம். கணக்குத் தரவுத்தளம் ஒன்றை மட்டும் புதுச் சேர்வருக்குக் கொண்டுபோக வேண்டும். எஸ்கியூஎல் சேர்வர் பேக்கப் 38 ஜிபி. புது டிஸ்க்கில் 250 ஜிபி காலி.

"தாராளமாக் காணும் அண்ணை" என்றார் அங்கே கணினி பார்க்கும் தம்பி. ரிஸ்டோர் கொடுத்ததுமே 'இடம் போதாது' என்று வந்தது.

எஸ்கியூஎல் சேர்வர் தரவை 8 கேபி பக்கங்களாகப் பிரித்து, எட்டெட்டுப் பக்கங்களை ஒரு கட்டாக வைத்திருக்கிறது. பேக்கப் எடுக்கும்போது காலிக் கட்டுகளை விட்டுவிடும். ஆனால் மூலக் கோப்பின் முழு அளவையும் குறித்துக்கொள்ளும். ரிஸ்டோரின் முதல் வேலை, அதே அளவில் கோப்புகளை உண்டாக்குவது. பக்கங்கள் வருவது அதன் பிறகுதான். இதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கோப்பில் அது இருக்கும் இடமே எண். இன்டெக்ஸ்கள் அந்த எண்ணைப் பிடித்துத்தான் பக்கத்தைத் தேடிப் போகின்றன. இடைவெளியை நெருக்கி அடுக்கினால் எல்லாத் தொடர்பும் குழம்பிவிடும். எத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தாலும் இந்த ஒழுங்கு எனக்கு அலுக்கவில்லை.

'ரிஸ்டோர் ஃபைல்லிஸ்ட்ஒன்லி' என்ற கட்டளையை ஓட்டினோம். எதையும் மீட்காமல், உள்ளே என்னென்ன கோப்பு, எவ்வளவு பெரிது என்று மட்டும் அது காட்டும். தரவுக் கோப்பு 60 ஜிபி. தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் லொக் கோப்பு 310 ஜிபி! ஃபுல் ரிக்கவரி மாடலில் வைத்துவிட்டு லொக் பேக்கப் எடுக்காமல் விட்டால் லொக் இப்படித்தான் வளரும். ரிஸ்டோர் கட்டளையில் 'மூவ்' போட்டுக் கோப்பை வேறு டிரைவுக்கு அனுப்பலாம். அளவைக் குறைக்க வழியில்லை. இடமே இருந்தாலும் லொக் கோப்பை முழுக்க எழுதி நிரப்பிய பிறகே வேலை நகரும்.

நல்லகாலம், பழைய சேர்வர் ஓடிக்கொண்டிருந்தது. சிம்பிள் ரிக்கவரி மாடலுக்கு மாற்றி, லொக்கை 4 ஜிபிக்குச் சுருக்கி, புதிதாக பேக்கப் எடுத்தோம். ரிஸ்டோர் ஒழுங்காக முடிந்தது. பழைய சேர்வர் செத்திருந்தால், பெரிய டிஸ்க் உள்ள மெஷின் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதில் மீட்டு, சுருக்கி, மறுபடி பேக்கப் எடுத்து வந்திருக்க வேண்டும். ஆகவே பேக்கப்பின் அளவை மட்டும் எழுதிவைக்கும் பதிவேடு எனக்குப் போதாது. பக்கத்தில் ஃபைல்லிஸ்ட்ஒன்லி காட்டும் அளவும் இருக்க வேண்டும்.

டிஸ்க்கின் வேகத்தையும் விட்டுவிடக் கூடாது. 2017 ஜனவரி 31இல் கிட்லாப் நிறுவனத்தில் தவறான சேர்வரில் ஓடிய ஒரு கட்டளை சுமார் 300 ஜிபி தரவை அழித்தது. வழக்கமான பேக்கப் எதுவும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முந்திய ஒரு நகல் சோதனைக்கான ஸ்டேஜிங் சேர்வரில் இருந்தது, அதுதான் காப்பாற்றியது. ஆனால் அந்தச் சேர்வரின் டிஸ்க் மெதுவானது. நகலைக் கொண்டுவந்து சேர்க்கவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது.

மைஎஸ்கியூஎல்லில், எல்லாத் தரவுத்தளமும் ஒன்றாகக் கிடக்கும் டம்ப் கோப்பிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கும் முறை அடுத்த கிழமை வரும். எஸ்கியூஎல் சேர்வரின் எண்டர்பிரைஸ் பதிப்பில் பிறந்த தரவுத்தளத்தைச் சின்னப் பதிப்பு ஏற்குமா என்பதையும் அப்போது பார்ப்போம்.