உஷார்! பி.டி.எஸ். கலந்தாய்வுக்கு முன்பே பைலைத் திறந்து பாருங்கள்

"பல் மருத்துவக் கல்லூரியில் இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை என்னென்ன கொண்டு போக வேண்டும்?" இப்படி ஒரு பெற்றோர் கேட்டால், முதலில் சொல்ல வேண்டிய பதில்: போகவே போகாதீர்கள்! பி.டி.எஸ். சேர்க்கைக்கு இங்கே இன்டர்வியூ என்பதே கிடையாது. அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீடு, நிகர்நிலைப் பல்கலைக்கழகம், எதுவானாலும் நீட் தரவரிசைப்படி கலந்தாய்வு மட்டும்தான். மாநில இடங்களைச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு நிரப்புகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டையும் நிகர்நிலை இடங்களையும் டெல்லியில் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி. நிரப்புகிறது. "சும்மா ஒரு இன்டர்வியூ, கொஞ்சம் அட்வான்ஸ், ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுத்துட்டுப் போங்க சார்" என்று கூப்பிடுகிறவரிடம் ஒரு ஜெராக்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் பணத்தை அனுப்பிவிட்டீர்களா? யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே இணையமோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

இன்டர்வியூ இல்லை என்றதும் நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு உண்மையான கண்டம் சான்றிதழ்களில் இருக்கிறது. விண்ணப்பத்தோடு பதிவேற்றியதை எல்லாம், கல்லூரியில் சேரும் நாளில் அசலாக மேசைமேல் வைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் இடம் ஆட்டம் காணும். இடம் கிடைத்த பிறகு சேர்வதற்குத் தரும் அவகாசமோ மிகக் குறைவு.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது சாதிச் சான்றிதழில். பி.சி., எம்.பி.சி. சான்றிதழை ஒரு முறை வாங்கிப் பீரோவில் பத்திரப்படுத்தியிருப்போம். மாநிலக் கலந்தாய்வுக்கு அது போதும். அதை நம்பி அகில இந்திய ஒதுக்கீட்டிலும் ஓ.பி.சி. என்று குறித்துவிடுகிறார்கள். அங்கே அது செல்லாது! மாநிலங்கள் ஒப்படைக்கும் 15 சதவீத இடங்களில் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம் என்று 2021-22 கல்வியாண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பெற, மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்று குறிப்பிடும் தனிச் சான்றிதழ் வேண்டும். போன வருடம் வங்கித் தேர்வுக்காக அண்ணன் வாங்கியது உதவாது. பிள்ளையின் பெயரில், ஏப்ரல் 1க்குப் பிறகான தேதியில் புதிதாக வாங்கிவிடுவதே பாதுகாப்பு. மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வருமான வரம்பு 8 லட்சம் என்றாலும், சம்பளத்துக்கும் விவசாய வருமானத்துக்கும் தனி விதிகள் உண்டு. வீட்டிலேயே கணக்குப் போட்டு, "நமக்குக் கிடைக்காது" என்று ஒதுங்கிவிடாமல் தாசில்தார் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இந்தச் சான்றிதழை ஒரே நாளில் வாங்க முடியாது. இ-சேவை மையத்தில் பதிந்த பிறகு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படிப்படியாக மேலே போக வேண்டும். நடுவில் ஒருவர் விடுப்பில் போனால் அங்கேயே நின்றுவிடும். பழங்குடியினர் சான்றிதழ் என்றால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். களவிசாரணைக்கு இன்னும் நாளாகும். நீட் முடிவு வந்த வாரத்தில் ஊரே அந்த வரிசையில்தான் நிற்கும். அதனால் தேர்வு எழுதிவிட்டு வந்த மறுநாளே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்தது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், சாதிச் சான்றிதழில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதல். நம் வீடுகளில் இது சர்வசாதாரணம். ஆனால் இப்படிப் பெயர் எழுதும் வழக்கத்தையே பார்த்திராத அலுவலருக்கு இது இரண்டு ஆட்கள். எல்லாச் சான்றிதழ்களையும் தரையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழில் பிழை என்றால் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. எத்தனையோ ஏழை வீடுகளில் விளக்கேற்றிய ஒதுக்கீடு அது. ஒரு சான்று இல்லாமல் அதை இழப்பதை நினைத்தாலே வயிறு எரிகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்க வேண்டும். எட்டு வரை ஒரு பள்ளி, பிறகு வேறு பள்ளி என்றால் பழைய பள்ளியை மறந்துவிடுவார்கள். மறக்காதீர்கள். இன்னொன்று: அரசு உதவிபெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் வராது. பெயர்ப்பலகையில் "அரசு" என்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

இரண்டாம் முறை நீட் எழுதுபவர்களுக்கு வேறு சிக்கல். சும்மா இருக்க வேண்டாமே என்று கலைக் கல்லூரியில் சேர்ந்திருப்பார்கள், டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் அங்கே மாட்டிக்கொண்டிருக்கும். முழு மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்று மிரட்டும் நிர்வாகங்கள் உண்டு. கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே அறிவித்துவிட்டது. அதைச் சொல்லி எழுத்துமூலம் கேளுங்கள், இப்போதே கேளுங்கள்.

நீட் ஹால் டிக்கெட்டையும் மதிப்பெண் அட்டையையும் இணையதளத்தில் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கிடைத்த அன்றே நாலு பிரதி எடுத்து வையுங்கள். நீட் விண்ணப்பத்தில் போட்ட அதே பாஸ்போர்ட் போட்டோவைக் கூடுதலாக அச்சிட்டுக்கொள்ளுங்கள், எம்.சி.சி. வழியாகச் சேருபவர்களிடம் எட்டு கேட்பார்கள். சேரும் கல்லூரி அசல்களை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால், கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் ஸ்கேன் செய்துவிடுங்கள். அசல்களைக் கொடுத்ததும் எவை எவை என்று பட்டியலிட்டு, கையெழுத்தும் முத்திரையும் போட்ட ரசீதை வாங்காமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.