கணனிக்கு வேகம் கூடினால் விளையாட்டு ஏன் குழம்புகிறது?

கணனி வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமன்றி, உத்தரவாதம் கொடுத்துப் பொருள் விற்கும் எல்லா வர்த்தகர்களுக்கும் உதவக்கூடிய ஒரு விடயத்தை இந்த வாரம் எழுதுகிறேன். நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடம் இது.

புடவை வியாபாரி ஒருவர் தன் மகனுக்காக எனது கடையில் நல்ல விலைக்கு ஒரு கணனி வாங்கினார். வேகமான கிரபிக்ஸ் கார்ட், 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர். நான்காம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். "தம்பி, புதுச் சாமான் எண்டு சொல்லித்தானே தந்தீங்க? பாவிச்ச கார்டைப் போட்ட மாதிரி இருக்கே" என்றார். கடையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். எனக்கு முகம் கறுத்துவிட்டது.

மகன் விளையாடும் விளையாட்டில் ஓர் அறைக்குள் நுழைந்தவுடன் மேசையிலுள்ள சாமான்கள் தாமாகவே துள்ளிப் பறக்கின்றன. கதிரை சுவருக்குள் புகுந்து நடுங்குகிறது. பழைய கணனியில் இதே விளையாட்டு ஒழுங்காக ஓடியதாம். நான் கார்டை மாற்றினேன், அதே கூத்து. ரெம் மாற்றினேன், விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். இரண்டு நாட்கள் வீணாகின. கடைசியில் என்னிடம் வேலை பழகும் பையன், "நானா, பிரேமை 60க்குக் குறைச்சுப் பாப்பமா?" என்று கேட்டான். குறைத்தோம். எல்லாம் அடங்கிவிட்டது.

அப்போதுதான் பழைய சம்பவமொன்று நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன்னர் இதே முறைப்பாட்டுடன் வந்த ஒருவரிடம் கார்டைத் திருப்பி எடுத்துக் காசைக் கொடுத்திருந்தேன். இறக்குமதியாளர் அதைச் சோதித்து, 'பழுது இல்லை' என்று எனக்கே திருப்பி அனுப்பினார். பாவித்த பொருளாகக் குறைந்த விலைக்கு விற்றேன். அந்தக் கார்டிலும் பழுது இருந்திருக்காது.

பிரேம் என்றால் என்ன?

திரைப்படத்தில் ஒரு செக்கனுக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை முன்கூட்டியே எடுக்கப்பட்டவை. கணனி விளையாட்டில் அப்படியல்ல. ஒவ்வொரு படத்தையும் கணனி அந்தக் கணமே வரைகிறது. அப்படி வரையும் ஒரு படம்தான் ஒரு பிரேம். செக்கனுக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன். 144 பிரேம் என்றால் 6.9 மில்லிசெக்கன்.

படம் வரைவதற்கு முன்னர் கணனி ஒரு கணக்கும் பார்க்க வேண்டும். விழும் பொருள் எவ்வளவு தூரம் விழுந்தது? கார் எங்கே நிற்கிறது? எது எதில் மோதியது? இதையே விளையாட்டின் பௌதிகவியல் என்கிறார்கள். பிழை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கார்டில் இல்லை.

எமது தொழிலில் ஓர் உதாரணம் சொல்கிறேன். கடை வாடகை மாதத்துக்கு ஒரு முறை. ஆனால் உங்கள் கணக்குப்பிள்ளை, கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் போதெல்லாம் ஒரு மாத வாடகையைச் செலவில் எழுதுகிறார் என்று வையுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் புத்தகத்தைத் திறக்கும் வரை கணக்குச் சரியாகவே இருக்கும். பிழை வெளியே தெரியாது. சுறுசுறுப்பான ஒருவர் வந்து மாதத்துக்கு இரண்டு தடவை திறந்தால் வாடகை இரட்டிப்பாகிவிடும். புத்தகத்திலும் பழுதில்லை, ஆளிலும் பழுதில்லை. காலத்தைப் பார்த்து எழுத வேண்டியதைத் திறந்த தடவையைப் பார்த்து எழுதியதே பிழை.

சில விளையாட்டுகள் இப்படித்தான் எழுதப்பட்டன. தொலைக்காட்சியில் பொருத்தி விளையாடும் கொன்சோல் இயந்திரங்களில் வேகம் 30 அல்லது 60 பிரேம் என்று நிலையாக இருக்கும். எழுதியவர்கள் அதை நம்பிக் கணக்கை அமைத்தார்கள். அதே விளையாட்டு கணனிக்கு வந்தபோது, ஒவ்வொருவர் கணனியும் ஒவ்வொரு வேகம்.

உலகம் அறிந்த உதாரணங்கள்

2011இல் வெளிவந்த ஸ்கைரிம் விளையாட்டின் பௌதிகவியல் 60 பிரேமை நம்பி அமைந்தது. அதற்கு மேலே போனால் தட்டுகளும் கோப்பைகளும் பறக்கும். ஆரம்பக் காட்சியில் வரும் குதிரை வண்டியே தலைகீழாகத் துள்ளும். 2013இல் வந்த நீட் போர் ஸ்பீட் ரைவல்ஸ் 30 பிரேமுக்குப் பூட்டப்பட்டிருந்தது. பூட்டைக் கழற்றி 60இல் ஓட்டியவர்களுக்கு முழு விளையாட்டும் இரட்டிப்பு வேகத்தில் ஓடியது. 2014இல் வந்த டார்க் சோல்ஸ் 2இன் கணனிப் பதிப்பு 60 பிரேமில் ஓடும்போது ஆயுதங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரைவாகத் தேய்ந்தன. 2015இல் அதைத் திருத்தினார்கள்.

2018இல் போல்அவுட் 76 வெளிவருவதற்கு முன்னரான பரீட்சார்த்த ஓட்டத்தில் இன்னொரு வேடிக்கை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஓடியவர்கள் மற்றவர்களை விட வேகமாக ஓடினார்கள். நிலத்தில் வரைவதற்கு அதிகம் இல்லை. ஆகவே பிரேம் கூடியது. கூடவே கால்களுக்கும் வேகம் கூடியது. பலர் சேர்ந்து விளையாடும் விளையாட்டில் இது அநியாயம் என்பதால் நிறுவனம் திருத்த வேண்டி வந்தது.

இது புதிய நோயுமல்ல. 1978இல் ஜப்பானில் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மீதமுள்ளவர்கள் வேகமாக வருவார்கள். வரைவதற்கு ஆட்கள் குறைந்ததால் இயந்திரத்தின் வேலை குறைந்ததே காரணம். தயாரித்தவர் அதையே சுவையாக விட்டுவிட்டார். பழைய கணனிகளின் முன்பக்கத்தில் இருந்த டேர்போ பொத்தானும் இதற்காகவே. 1981இன் ஐபிஎம் கணனியின் 4.77 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கு எழுதிய விளையாட்டுகள் புதிய கணனியில் தலைதெறிக்க ஓடியதால், கணனியை மெதுவாக்க ஒரு பொத்தான் வைத்தார்கள்.

சதக் கணக்கில் வரும் பிழை

காலத்தைச் சரியாக அளந்தாலும் பிழை வரலாம். 1999இன் குவேக் 3 அரீனாவில் புவியீர்ப்பு செக்கனுக்கு 800 அலகு. 125 பிரேமில் ஓடினால் ஒரு பிரேம் 8 மில்லிசெக்கன்; அதற்குரிய பங்கு 6.4 அலகு. ஆனால் விளையாட்டு ஒவ்வொரு பிரேமிலும் வேகத்தை முழு எண்ணாக்கிவிடும். எனவே 6 மட்டுமே கழியும். 125 தடவை 6 என்றால் 750. 50 அலகு ஈர்ப்பு காணாமல் போய்விட்டது. வீரர் உயரமாகப் பாய்கிறார். ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் சதத்தை விட்டு எழுதிப் பாருங்கள், மாதக் கடைசியில் பெட்டியில் எவ்வளவு குறைகிறது என்று தெரியும்.

இதற்குச் சரியான வைத்தியம், கணக்கை வரைதலிலிருந்து பிரித்து விடுவது. படம் எத்தனை தடவையும் வரையலாம். கணக்கு மட்டும் நிலையான இடைவெளியில் நடக்கும். 1993இன் டூம் செக்கனுக்கு 35 தடவை கணக்குப் பார்த்தது. விளையாட்டு தயாரிக்க உதவும் யுனிட்டி மென்பொருளில் சாதாரணமாக 0.02 செக்கனுக்கு ஒரு தடவை, அதாவது செக்கனுக்கு 50 தடவை. வாடகையை நாட்காட்டி பார்த்து எழுதுவது போன்றது இது.

கடைக்காரர் என்ன செய்யலாம்?

ஒன்று: இப்படி முறைப்பாடு வந்தால் பொருளைக் கழற்றும் முன்னர் பிரேமை 60க்குக் கட்டுப்படுத்திப் பாருங்கள். கார்டின் செட்டிங்கிலேயே இதற்கு வசதி உண்டு. மொனிட்டரை 60 ஹேர்ட்ஸுக்கு மாற்றினால் மட்டும் போதாது; வீ-சிங்க்கையும் போட வேண்டும். இல்லாவிட்டால் கார்ட் தன்பாட்டில் வேகமாக வரைந்துகொண்டே இருக்கும்.

இரண்டு: வேறு இரண்டு விளையாட்டுகளை ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் குழப்பம் என்றால் பெரும்பாலும் கார்டில் குற்றமில்லை. எல்லாவற்றிலும் நிறப் புள்ளிகள், கட்டங்கள் தோன்றினால், அல்லது கணனி தானாக நின்றுவிட்டால் வன்பொருளைச் சந்தேகிக்கலாம்.

மூன்று: விற்கும்போதே சொல்லுங்கள். "சில பழைய விளையாட்டுகளுக்கு 60இல் வைக்க வேண்டும்" என்ற ஒரு வசனம் போதும். இப்போது அதை நான் பற்றுச்சீட்டின் அடியில் எழுதிக் கொடுக்கிறேன்.

புடவைக் கடைக்காரருக்கு எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். 60இல் ஒரு தடவை, 144இல் ஒரு தடவை. பார்த்துவிட்டுக் கணனியை எடுத்துச் சென்றார். போகும்போது, "அண்டைக்குக் கடையில ஆள் நிற்கக்குள்ள அப்படிச் சொன்னது பிழைதான் தம்பி" என்றார். பிழை அவரிடம் மட்டும் இல்லை. நான் விற்ற பொருளைப் பற்றி எனக்கே தெரியாமல் இருந்ததுதான் முதல் பிழை.