மலைப்பாதையைச் செப்பனிடும் கைகள்

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்கு மலைகளில் அப்பலாச்சியன் நடைபாதை ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் நீளுகின்றது. 1921இல் பென்டன் மக்காய் என்பவர் முன்மொழிந்து, 1937இல் நிறைவுற்ற அப்பாதையைப் பேணிவருவோரிற் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். சிறு குழுக்களாக மலையேறி, பல நாள்கள் கூடாரங்களிலே தங்கி உழைக்கின்றனர்.

பாதைக்குப் பெரும் பகை மழைநீரே. சரிவில் விரைந்து மண்ணை அரித்து, பாதையையே ஓடையாக்கிவிடும். ஆதலால் பாரமான கற்களைப் புரட்டிவந்து, குறுக்கே சாய்வாகப் புதைத்து, நீரைப் பக்கவாட்டில் திருப்புகின்றனர்.

1964ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வனாந்தரமெனக் காக்கப்படும் பகுதிகளில் இயந்திர வாளுக்கு இடமில்லை. வீழ்ந்த மரத்தை இருவர் எதிரெதிரே நின்று நீண்ட கைவாளால் அறுப்பர். இழுக்கலாம், தள்ளலாகாது, தம் முறை முடிந்ததும் மற்றவர் இழுக்க விட்டுக்கொடுக்க வேண்டும். (கணவன் மனைவியர் இதனைக் கவனிப்பார்களாக!)

இறுதியில் கிளறிய மண்மீது சருகு பரப்பிவிட்டு இறங்குகின்றனர். அடுத்த மழைக்குப்பின் அவ்வழியே செல்பவர் அந்தக் கல்லைக் கவனியாமலே தாண்டிப் போவார்.