உப்பில் பிறந்து உப்புக்கு அஞ்சும் உறை

கோடை முற்றும்போது உப்பளப் பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பு ஏறுவதுண்டு. உப்பு விளையப்போகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். பெரும்பாலான உயிர்கள் தாக்குப்பிடிக்காத அந்தக் கரிப்பில் செழித்து வளரும் ஹாலோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிர்கள்தான் அந்த நிறத்துக்குக் காரணம். பெயரில் பாக்டீரியா இருந்தாலும் இவை ஆர்க்கியா என்னும் தனிக்குலத்தைச் சேர்ந்தவை. இதே நுண்ணுயிர்கள் உப்புப் போட்டு அடுக்கிய மாட்டுத்தோலிலும் சிவப்புத் திட்டுகளாகத் தலைகாட்டும். உப்போடு உப்பாகப் பயணித்து, உப்பளத்திலிருந்து தோல் கிடங்குக்கு வந்து சேர்ந்தவை அவை.

மரக்காணம் உப்பளங்களிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், புதுச்சேரியைத் தொடுவதற்கு முன் குயிலாப்பாளையம். 1968-இல் ஆரோவில் உருவான பிறகு கைவினைக்குப் பெயர்பெற்ற பகுதி இது. தோல் பை, செருப்பு, பெல்ட் என்று கையால் செய்த பொருள்களைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். இன்று உலகச் சந்தையில் விற்கும் ஹைடிசைன் நிறுவனமும் 1978-இல் புதுச்சேரி வட்டாரத்தில் இரண்டு பேர் பட்டறையாகத் தொடங்கியதுதான். தோல் வேலையின் சூட்சுமம் முழுவதையும் ஒரே பொருளில் பார்க்க வேண்டுமென்றால் கத்தி உறையைச் சொல்லலாம். பார்க்க எளிது, ஆனால் அதன் ஒவ்வொரு கட்டமும் தண்ணீரோடு நடத்தும் பேரம்.

முதல் பேரம் உப்போடு. உரித்த பச்சைத்தோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். அதனால் தோல் எடையில் 40 சதவீதம் அளவுக்கு உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு நீரை உறிஞ்சி வெளியேற்ற, அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் தாகத்தில் மடிகின்றன. இதற்கு ஒரு விலை உண்டு. பதனிடுவதற்கு முன் அந்த உப்பைக் கழுவியாக வேண்டும். கழுவிய உப்பு கழிவுநீரில் கலக்கிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் கரைந்த உப்பு பிரியாது. பாலாற்றங்கரை நிலமும் கிணறும் கெட்டதில் இதற்குப் பெரும் பங்குண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல்.

அடுத்தது பதனிடுதல். தோலின் உடம்பு கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற மூலக்கூறு அது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், இந்த இழைகளுக்கு நடுவே தண்ணீர் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றைப் பிணைக்கிறது. கடுக்காயைக் கடித்தால் வாய் சுருங்குகிறதே, அதுவும் எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பிடித்து இழுப்பதால்தான். பச்சைத்தோலை நனைத்துச் சூடாக்கினால் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுருங்கிவிடும். பட்டையில் பதனிட்டது 75, 80 டிகிரி வரை தாங்கும்.

இந்தத் தாவரப் பதனீட்டில் தமிழ்நாட்டுக்குத் தனிப்பெயர் உண்டு. ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் ‘ஈ.ஐ. லெதர்’, அதாவது கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போயிற்று. இப்போது அது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. 1903 வாக்கில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனீட்டைச் சோதித்துப் பார்த்தார். பட்டையில் வாரக்கணக்கில் நடக்கும் வேலையை குரோம் உப்பு ஓரிரு நாளில் முடித்துவிடும். உலகில் இன்று பெரும்பகுதித் தோல் குரோமில் பதனிட்டதே. மெத்தென்று இருக்கும், கொதிநீரையும் தாங்கும். ஆனால் உறைக்கு அது சரிப்படாது. மடக்கினால் மீண்டும் விரிந்துகொள்ளும். சொன்ன பேச்சைக் கேட்காது.

பட்டைத்தோல் கேட்கும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலை வெட்டி வெதுவெதுப்பான நீரில் நனைத்தால், இழைகளுக்கு இடையேயான பிணைப்புகள் தளர்ந்து வழுக்கிக்கொடுக்கும். கத்தியின் மேல் வைத்து விரலாலும் மழுங்கிய மரக்குச்சியாலும் அழுத்தினால் பிடியின் வளைவு வரை அப்படியே பதியும். நிழலில் காயும்போது பிணைப்புகள் புதிய இடத்தில் இறுகிக்கொள்ளும். வெயிலில் வைத்தாலோ சுடுநீர் ஊற்றினாலோ தோல் சுருண்டு விறைத்துப் போகும். கத்தியை பிளாஸ்டிக் தாளில் சுற்றாமல் ஈரத்தோலில் வைத்தால் கருங்கறை விழும். இரும்பும் டானினும் சேர்ந்தால் கறுப்பு. அன்னபேதியையும் கடுக்காயையும் கலந்து மை காய்ச்சியது இதே வேதியியலை நம்பித்தான்.

தையலில்தான் நல்ல உறையையும் கெட்ட உறையையும் பிரித்தறியலாம். இரண்டு தோல்களையும் நேரே சேர்த்துத் தைத்தால் கத்தியை உருவும் ஒவ்வொரு முறையும் அதன் கூர்விளிம்பு நூலை உரசும். ஒருநாள் அறுத்தே விடும். அதனால் நடுவே ஒரு தோல் பட்டையைக் கொடுத்து, கூர்விளிம்பு நூலைத் தொடாமல் அந்தப் பட்டையில் படும்படி செய்கிறார்கள். குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராகச் செலுத்துகிறார்கள். தையல் எந்திரத்தில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்திருக்கும். ஓரிடத்தில் அறுந்தால் தையல் பிரிந்துகொண்டே போகும். இரட்டை ஊசித் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது அதே துளைகளில் ஓடிப் பிடித்துக்கொள்ளும். கடைசியாக, ஓரங்களை நனைத்துத் தேய்த்து மெழுகு பூசினால் நீர் புகும் வாசல் அடைபடும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த உறையில் கத்தியை நிரந்தரமாக வைத்திருப்பது கத்திக்குச் செய்யும் துரோகம். பட்டைத்தோலுக்கு இலேசான அமிலத்தன்மை உண்டு. காற்றின் ஈரத்தையும் அது வாங்கிக்கொள்ளும். கடற்கரையில் காற்றோடு உப்பும் வருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரிழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அமிலம், ஈரம், உப்பு மூன்றும் கூடிய இடத்தில் கார்பன் எஃகு துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? துருப்பிடிக்காத எஃகு என்று விற்பதையும் குளோரைடு அங்கங்கே துளைத்துவிடும்.

உறை வாங்குவோர் முதலில் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலச்சாம்பல் தெரிந்தால் பெரும்பாலும் அது குரோம் தோல். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், மேற்பூச்சு இல்லாத பட்டைத்தோல் உடனே கறுத்து நீரை உள்வாங்கும். நடுப்பட்டை இருக்கிறதா, தையல் இரட்டை ஊசியா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள். உறை வழிப்பயணத்துக்கு மட்டும்தான்.