ரக்கூன் குட்டி தனியே கிடந்தால்

ஏப்ரலிலும் மேயிலும் ரொறன்ரோவில் ரக்கூன்கள் குட்டி போடுகின்றன. ஸ்காபரோவில் பழைய வீடுகளின் கூரைக்குள், கராஜ் மூலையில், பின்வளவு டெக்கின் அடியில் மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை கிடக்கும். கண் திறக்க ஏறத்தாழ மூன்று கிழமை ஆகும். தகப்பன் திரும்பிப் பார்ப்பதில்லை. தாய் ஒருத்திதான் எல்லாம்.

அந்தத் தாய் ஒரே இடத்தை நம்பி இருப்பவள் அல்ல. இரண்டு மூன்று மறைவிடங்கள் வைத்திருப்பாள். சத்தமோ நாயோ தொந்தரவு செய்தால் குட்டிகளைப் பிடரியில் கவ்வி ஒவ்வொன்றாக இடம் மாற்றுவாள். ஒன்றைக் கொண்டுபோகும் நேரத்தில் மற்றொன்று புல்லில் தனியே கிடந்து கத்தும். அதைக் காண்பவர் மனமிரங்கி வீட்டுக்குள் எடுத்துப்போனால், தாய் திரும்பி வரும்போது அங்கே குட்டி இருக்காது. தாயுள்ள குட்டியை அநாதையாக்குவது பெரும்பாலும் இந்த இரக்கம்தான்.

ஆகவே முதலில் விலகி நின்று பாருங்கள். நாயை உள்ளே கட்டுங்கள், பிள்ளைகளைக் கிட்டப் போக விடாதீர்கள். குட்டி குளிர்ந்துபோயிருந்தால், தடித்த கையுறை போட்டு, தாய் எட்டி எடுக்கக்கூடிய உயரம் குறைந்த பெட்டியில் வையுங்கள். துவாயில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் சூடு கிடைக்கும். பெட்டியைக் கண்டெடுத்த இடத்திலேயே இரவு விட்டுவிடுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய். இருட்டியதும் தேடி வருவாள்.

பால் மட்டும் வைக்க வேண்டாம். பசித்த வாய்க்குப் பால் கொடுத்துப் பழகிய நமக்கு இது கடினம்தான். ஆனால் பசுப்பால் அந்தக் குடலுக்கு ஒத்துவராது, வயிற்றோட்டத்தில் குட்டி சாகலாம். குளிர்ந்த உடம்போடு பாலூட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு.

விடிந்தும் குட்டி அங்கேயே கிடந்தால், ஈ மொய்த்தால், இரத்தம் தெரிந்தால், தாய் காரில் அடிபட்டுச் செத்தது தெரிந்தால் அப்போது உதவி கேளுங்கள். நகரசபையின் 311 இலக்கத்தையோ ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்டரையோ அழைக்கலாம். அடிபட்ட பெரிய ரக்கூனை நீங்களே பிடிக்கப் போகாதீர்கள். வலியில் இருக்கும் மிருகம் கையுறையையும் துளைத்துக் கடிக்கும். ஒன்ராறியோ சட்டப்படி காயப்பட்ட காட்டுயிரைக் கையில் எடுத்தவர் அதை 24 மணி நேரத்துக்குள் உரிய பராமரிப்பாளரிடமோ மிருக வைத்தியரிடமோ சேர்க்க வேண்டும். செல்லமாக வளர்க்க அனுமதி இல்லை.

பகலில் ரக்கூன் நடமாடினால் விசர் என்று பயப்பட வேண்டியதில்லை. பாலூட்டும் தாய் பகலிலும் இரை தேடுவாள். தள்ளாடினால், வட்டமிட்டால், கண்ணில் பீளை வடிந்தால், ஆளைக் கண்டு அஞ்சாமல் நின்றால்தான் கவனம் வேண்டும். டிஸ்டெம்பர் என்ற நோயும் இதே குறிகளைக் காட்டும். அது மனிதருக்குத் தொற்றாது, தடுப்பூசி போடாத நாய்க்குத் தொற்றும். ரேபிஸ் எனப்படும் விசர்நோயோ 2015 டிசம்பரில் ஹமில்ரன் பகுதி ரக்கூன்களிடம் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. வெறும் கண்ணால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியரிடம் போங்கள். விசர் குறிகள் தோன்றிய பிறகு மருந்து பலிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. மிருகத்துக்கு விசர் இருக்கிறதா என்று சோதிக்க மூளைத் திசு வேண்டும், அதாவது அதைக் கொல்ல வேண்டும். ஆசைக்குத் தூக்கிய குட்டி பிள்ளையின் விரலைக் கடித்துவிட்டால், அந்தக் குட்டியின் உயிரே போகக்கூடும்.

டெக்கிலோ மரத்தடியிலோ ஒரே இடத்தில் குவிந்த எச்சத்தைக் கண்டாலும் பிள்ளைகளை விலக்குங்கள். அதிலுள்ள வட்டப்புழு முட்டைகள் வாய்வழி உள்ளே போனால் மூளையைத் தாக்கலாம். பிளீச் அவற்றைக் கொல்லாது. கொதிநீர் கொல்லும்.

கூரைக்குள் சத்தம் கேட்டவுடன் பொறி வைத்துத் தாயைப் பிடிப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பொறியில் பட்டதைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விட வேண்டும் என்பது சட்டம். தொலைவில் கொண்டுபோய் விட்டாலோ மேலே குட்டிகள் பட்டினியில் சாகும், நாற்றம் வீட்டுக்குள் இறங்கும். அதற்குப் பதில் கூரைக்குள் விளக்கைப் போட்டு, பேச்சு ஓடும் ரேடியோ ஒன்றை வையுங்கள். சில நாட்களில் தாயே குட்டிகளைக் காவிக்கொண்டு வேறிடம் போய்விடுவாள். அவசரமில்லை என்றால் இலையுதிர் காலம் வரை பொறுங்கள். அப்போது குட்டிகள் தாயோடு வெளியே நடமாடும். உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, ஓட்டையை உறுதியான கம்பி வலையால் அடையுங்கள்.