மைதானப் பகை – 17: பாதி வழியில் இறங்கியவர்

கட்சி மாறிய வீரர் ஃபிகோவும் அவர்மேல் கோபத்தில் ரசிகர்கள் எறிந்த பன்றித் தலையும் போன வாரத்தோடு முடிந்தன. வீரர் கட்சி மாறினால் வரும் கோபத்தைவிட மேனேஜர் கட்சி மாறினால் வரும் கோபம் ஏன் அதிக நாள் நிற்கிறது, அப்படிப் போனவரை ரசிகர்கள் மன்னிப்பது உண்டா என்று இந்த வாரம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன்.

இங்கிலாந்தின் தென்கரையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். மேற்கே பூல், கிழக்கே போர்ட்ஸ்மவுத், இரண்டுக்கும் நடுவில் சவுத்தாம்ப்டன். ஹாரி ரெட்நாப்பின் வீடு பூல் பக்கம். 2002 மார்ச்சில் போர்ட்ஸ்மவுத் அணிக்கு மேனேஜர் ஆனார். ஆக, வேலைக்குப் போகும்போதும் வீடு திரும்பும்போதும் அவருடைய கார் சவுத்தாம்ப்டனைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை மறந்துவிடாதீர்கள்.

போர்ட்ஸ்மவுத்துக்கு அவர் செய்தது கொஞ்சமல்ல. 15 வருடங்களாக மேல் டிவிஷனை எட்டிப் பார்க்காத அணி அது. 2003-ல் இரண்டாம் நிலை லீக்கில் முதலிடம் பிடிக்க வைத்துப் பிரீமியர் லீக்கில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அடுத்த ஆண்டு மார்ச் 21-ஆம் தேதி, சொந்த மைதானமான ஃப்ராட்டன் பார்க்கில், சவுத்தாம்ப்டனை 1-0 என்று வென்றார்கள். கோல் அடித்தவர் நைஜீரியாவின் யாக்குபு. அன்றைக்கு ரெட்நாப்பை அந்த ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

பிறகு கிளப்பின் உரிமையாளர் மிலன் மாண்டாரிச், மேனேஜருக்கு மேலே கால்பந்து இயக்குநர் என்று ஒருவரை, வெலிமிர் ஸாயெட்ஸை, அழைத்து வந்தார். ரெட்நாப்புக்குப் பிடிக்கவில்லை. 2004 நவம்பர் 24-ஆம் தேதி ராஜினாமா செய்தார். ரசிகர்கள் பலர் அவர் பக்கம்தான் நின்றார்கள். தன்மானம் உள்ள மனிதர், உரிமையாளரோடு ஒத்துப்போகவில்லை, விலகிவிட்டார். இதில் என்ன தவறு?

டிசம்பர் 8-ஆம் தேதி அவர் சவுத்தாம்ப்டனின் மேனேஜர். நடுவில் கழிந்தது பதினான்கு நாள். வீடு மாற்றவில்லை, ஊர் மாற்றவில்லை. தினமும் போகிற சாலையில் பாதி வழியிலேயே காரை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ போயிருந்தால் நாலு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பார்கள். நிற்கிற கோபம் என்பது எவ்வளவு தூரம் போனார் என்பதைப் பொறுத்தது. போன தூரம் குறையக் குறையக் கோபம் ஏறும். இந்தத் தொடரில் பதினாறு வாரமாக நான் சொல்லிவருவது இதைத்தான். போர்ட்ஸ்மவுத்துக்கும் சவுத்தாம்ப்டனுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

மேனேஜர் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. ஆங்கிலத்தில் அதைச் சொல்ல நிறைய வார்த்தை வேண்டும். தமிழில் இரண்டு போதும். நாம், நாங்கள். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. கேட்கிறவரை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். விளையாடுகிறவன் களத்தில் காலால் பேசுகிறான். மேனேஜர்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் மைக் முன்னால் உட்கார்ந்து, ஜெயித்தோம், தோற்றோம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம் என்று ஊருக்காகப் பேசுகிறவர். கேட்கிற ரசிகன் அதை எப்போதும் ‘நாம்’ என்றே எடுத்துக்கொள்கிறான். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அது ‘நாம்’தான். இரண்டரை வருடம் அப்படிக் கேட்டுப் பழகிய குரல், பதினான்கே நாளில் எதிர்முகாமில் உட்கார்ந்து அதே சொல்லைச் சொல்கிறது. அது முதலிலிருந்தே ‘நாங்கள்’தானா என்ற சந்தேகம் அந்த நொடியில் பின்னோக்கிப் பாய்கிறது. 2003-ன் கோப்பை, 2004 மார்ச்சின் அந்த ஒரு கோல் என்று பழைய சந்தோஷம் எல்லாவற்றின் மீதும் அந்தச் சந்தேகம் படிந்துவிடுகிறது. வீரன் போனால் வருங்காலம்தான் போகும். மேனேஜர் போனால் கடந்த காலமும் கூடவே போய்விடுகிறது. யூதாஸ் என்று அவரை அந்த ரசிகர்கள் அழைத்ததன் உள்ளே இருந்த வலி இது என்று நான் நம்புகிறேன்.

இனி அந்த 30 கிலோமீட்டரைப் பார்ப்போம்.

போர்ட்ஸ்மவுத் கடற்படை ஊர். நெல்சனின் விக்டரி கப்பல் இன்றும் அங்கே நிற்கிறது. சவுத்தாம்ப்டன் வணிகத் துறைமுகம். 1912-ல் டைட்டானிக் புறப்பட்ட ஊர். போர்ட்ஸ்மவுத்காரர்கள் பக்கத்து ஊரை ‘ஸ்கம்மர்’ என்பார்கள், கழிசடை என்கிற பொருளில். பதிலுக்கு அவர்கள் இவர்களை ‘ஸ்கேட்’ என்பார்கள், திருக்கை மீனின் பெயர். ‘ஸ்கம்’ என்ற சொல்லுக்கு போர்ட்ஸ்மவுத்தில் ஒரு கதை உண்டு. முன்னொரு காலத்தில் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களாம், சவுத்தாம்ப்டனின் கம்பெனிச் சங்கத்து ஆட்கள் மறியலை மீறி உள்ளே போனார்களாம், அந்தச் சங்கத்து ஆட்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அந்த வசவு வருமாம். கதை கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வேலைநிறுத்தம் நடந்ததற்குச் சான்று இல்லை. ஒன்று அரசின் கடற்படைத் தளம், மற்றது வணிகத் துறை. இங்கே வேலை நின்றால் அங்கிருந்து ஆள் வந்து செய்வதற்கு வழியே கிடையாது. இருந்தும் கதை நிற்கிறது. பகைக்கு ஒரு பூர்வீகம் தேவைப்படுகிறது. ஊரார் கூடி அதை உண்டாக்கிக்கொண்டார்கள். அதில் துரோகம் என்கிற அம்சம் இருப்பதைக் கவனியுங்கள். நம்மோடு நிற்க வேண்டியவன் எதிர்ப்பக்கம் வேலைக்குப் போனான் என்பதுதான் அந்தக் கதையின் சாரமே. ரெட்நாப் 2004-ல் செய்தது, ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த கதைக்குள் போய் அப்படியே பொருந்திக்கொண்டது.

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மனிதர் குறுக்கே வந்தார். இரண்டு நாளாக அவரை விட்டு நகர முடியவில்லை. பெயர் பாபி ஸ்டோக்ஸ்.

1976 மே 1, வெம்ப்ளி. எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மான்செஸ்டர் யுனைடெட், முதல் டிவிஷனில் மூன்றாவது இடம். மறுபக்கம் சவுத்தாம்ப்டன், இரண்டாம் டிவிஷனில் ஆறாவது இடம். யார் ஜெயிப்பார்கள் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. 83-ஆவது நிமிடம் வரை கோல் இல்லை. மெக்காலியாக் யுனைடெட்டின் தடுப்பு வரிசைக்குப் பின்னால் பந்தைத் தூக்கிப் போடுகிறார். ஸ்டோக்ஸ் ஓடிப் போய், பந்து துள்ளி எழும்போதே இடது காலால் குறுக்கே அடிக்கிறார். ஓங்கி அடித்த அடி இல்லை. தரையைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. கோல்கீப்பர் ஸ்டெப்னி முழு உடம்பையும் நீட்டி விழுகிறார். பந்து அவர் கைக்கு எட்டாமல் மூலைக்குள் போய்விடுகிறது. 1-0. சவுத்தாம்ப்டன் இன்றுவரை வென்ற ஒரே எஃப்.ஏ. கோப்பை அதுதான். அந்த ஊரின் வரலாற்றில் அதைவிடப் பெரிய கோல் கிடையாது.

அதை அடித்த பாபி ஸ்டோக்ஸ் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவர்.

போர்ட்ஸ்மவுத் ரசிகன் அந்தச் சனிக்கிழமை டிவி முன்னால் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று யோசிக்கிறேன். அதே சீசனில்தான் அவனுடைய அணி இரண்டாம் டிவிஷனில் கடைசி இடத்தில் முடித்து மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் பக்கத்து ஊருக்குக் கோப்பை, அதுவும் நம்ம ஊர்ப் பிள்ளையின் காலால்.

கதை அங்கே நிற்கவில்லை. 1977-ல் ஸ்டோக்ஸ் சொந்த ஊர் அணிக்கே வந்து சேர்ந்தார். அவர் ஆடிய அந்த ஒரு சீசனில் போர்ட்ஸ்மவுத் மூன்றாம் டிவிஷனிலும் கடைசியாக வந்து நான்காவதுக்கு இறங்கியது. அதே 1978-ல் சவுத்தாம்ப்டன் முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஒரே கோடை, ஒரு ஊர் உச்சிக்கு, ஒரு ஊர் அடித்தளத்துக்கு. பின்னாளில் ஸ்டோக்ஸ் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தருகே ஒரு காபிக் கடையில் வேலை பார்த்தார். மேஜையைத் துடைத்துக் காபி கொண்டுவந்து வைக்கும் அந்த மனிதர்தான் யுனைடெட்டை வீழ்த்தியவர் என்று, படகுக்குக் காத்திருந்த பயணிகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! 1995-ல், 44 வயதில் போய்விட்டார். அதே 30 கிலோமீட்டரை அவரும் இரு திசையிலும் கடந்தவர். அவரைப் பற்றிப் படிக்கும்போது எனக்குக் கோபம் எதுவும் தென்படவில்லை, ஒரு பெரிய வருத்தம்தான் மிஞ்சியது.

அந்த 1978-ஐ நினைவில் வையுங்கள். அன்று ஏறிய சவுத்தாம்ப்டன் 27 வருடம் மேல் டிவிஷனிலிருந்து இறங்கவே இல்லை. இறங்கிய வருடம் 2005. அப்போது மேனேஜர் ரெட்நாப்.

2005 ஏப்ரல் 24-ஆம் தேதி அவர் எதிரணியின் மேனேஜராக ஃப்ராட்டன் பார்க்குக்குள் வந்தார். அதற்கு முன் ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில், சவுத்தாம்ப்டனின் மைதானத்தில், பீட்டர் கிரவுச் கடைசி நேரத்தில் அடித்த பெனால்டியால் அவர் போர்ட்ஸ்மவுத்தை 2-1 என்று தோற்கடித்திருந்தார். கிரவுச்சும் போர்ட்ஸ்மவுத்தில் ஆடியவர்தான். அந்தப் புண் ஆறவில்லை. ஏப்ரலில் சவுத்தாம்ப்டன் கீழே இறங்கும் விளிம்பில் நின்றது. அந்த ஆட்டத்தின் பதிவை இந்த வாரம் மூன்று தடவை பார்த்தேன். ஃப்ராட்டன் பார்க் பழைய மைதானம், கூட்டம் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கத்தினால் காதில் விழும். நான்காவது நிமிடம் பெனால்டி, யாக்குபு, 1-0. பதினேழாவது நிமிடம் டி ஸீயுவின் தலை, 2-0. இருபதாவதில் சவுத்தாம்ப்டனின் கமாரா ஒன்றைத் திருப்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆயுள் ஒரு நிமிடம். இருபத்தொன்றில் லுவாலுவா, இருபத்தேழில் மறுபடியும் லுவாலுவா. அரை மணி நேரம் ஆகவில்லை, 4-1. மீதி ஒரு மணி நேரம் கோலே விழவில்லை. ஸ்கோர் அப்படியே நின்றது. கூட்டம் மட்டும் உட்காரவில்லை. ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததை முழுக்கப் பாடித் தீர்த்தார்கள்.

என்னை உலுக்கியது யாக்குபுவின் முதல் கோல். பதின்மூன்று மாதத்துக்கு முன் இதே மைதானத்தில், இதே எதிரிக்கு எதிராக, இதே ஆள் அடித்த கோலுக்குத் துள்ளிய மேனேஜர் அவர். இப்போது அதே கோலை வாங்கிக்கொண்டு நிற்கிறார். ‘நாம்’ இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் மட்டும் அதற்கு வெளியே.

மே 15-ஆம் தேதி சவுத்தாம்ப்டன் தன் கடைசி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-1 என்று தோற்று, பட்டியலில் கடைசி அணியாக இறங்கியது. ஸ்டோக்ஸ் சாய்த்த அதே யுனைடெட். போர்ட்ஸ்மவுத் 16-ஆவது இடத்தில் தப்பியது.

மன்னிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் இதுதான், ஆனால் பக்கம் தீர்ந்துவிட்டது. அது இந்த வாரத்துக்குள் அடங்கக்கூடியதும் இல்லை. ஏனென்றால் 2005 டிசம்பரில், சவுத்தாம்ப்டனில் ஓராண்டு முழுசாக ஆவதற்குள், ரெட்நாப் போர்ட்ஸ்மவுத்துக்கே திரும்பிவிட்டார். கூப்பிட்டவர் அதே மாண்டாரிச். இப்போது கோபப்பட வேண்டிய முறை சவுத்தாம்ப்டனுக்கு: எதிரி ஊரிலிருந்து வந்தார், 27 வருடத்தை முடித்து வைத்தார், எதிரி ஊருக்கே போய்விட்டார். அவர்கள் பக்கத்து நியாயத்தை நான் இன்னும் தொடக்கூட இல்லை. யூதாஸ் என்றவர்கள் 2008-ல் அவர் கையில் எஃப்.ஏ. கோப்பையைப் பார்த்தார்கள், 1939-க்குப் பிறகு அந்த ஊருக்கு வந்த முதல் எஃப்.ஏ. கோப்பை. நகரின் உயரிய கௌரவத்தை அவருக்கு வழங்க நகரமன்றம் முடிவு செய்தது. விழா அக்டோபர் 28. அதற்கு மூன்றே நாள் முன்னால், அக்டோபர் 25 இரவு, அவர் டாட்டன்ஹாமுக்குப் போய்விட்டிருந்தார்.

விழாவை யாரும் ரத்து செய்யவில்லை. அவரும் வந்தார். கைதட்டியவர்களும் இருந்தார்கள், கூச்சலிட்டவர்களும் இருந்தார்கள். அடுத்த வாரம் அந்த விழாவில் தொடங்கி, 2010 ஏப்ரலில் திவாலாகிக் கிடந்த போர்ட்ஸ்மவுத் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் ரெட்நாப்பின் டாட்டன்ஹாமைச் சந்தித்த வெம்ப்ளிக்குப் போவோம்.

(தொடரும்)