சருகுமானும் சுருக்குக் கம்பியும்

வேட்டை என்றதும் யானையும் சிங்கமும் சிறுத்தையுமே பலருடைய நினைவில் எழுகின்றன. பெரிய விலங்கை வீழ்த்துவதே பெரிய திறமை என்னும் எண்ணம் தொன்றுதொட்டு வேரூன்றியது. ஆனால், காட்டில் நெடுங்காலம் பழகியவர்கள் வேறொன்றும் அறிவார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு சிறு மானை, அது தம்மைக் காணுமுன் தாம் கண்டு, அதன் அருகே செல்வதுதான் அக்கலையின் இறுதிப் பாடம். அதற்கு உடல் வலிமை போதாது. காது வேண்டும், கண் வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாகப் பொறுமை வேண்டும்.

இத்தகைய சிறு விலங்குகள் மிகுந்த கண்டம் ஆபிரிக்கா. அங்குள்ளவை மறிமான் வகையைச் சேர்ந்தவை. மானின் கொம்பு கிளைவிடும். காலந்தோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். மறிமானின் கொம்போ கிளைவிடுவதில்லை. உதிராமல் வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்கும். மறிமான்களுள் மிகச் சிறியதான அரசமறிமான் தோளளவில் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் உயரமும் மூன்று கிலோகிராம் எடையுமே உடையது. தென்னாபிரிக்க வேட்டையாளர் யானை, சிங்கம் முதலிய பெருவிலங்குகளைப் ‘பெரிய ஐந்து’ எனத் தொகுத்தது போலவே, சிறு மறிமான்களுள் பத்தைச் ‘சிறிய பத்து’ எனத் தொகுத்துப் பேசுகின்றனர்.

இவற்றை நெருங்குவது ஏன் கடினம்? விடை அவற்றின் பெயர்களிலேயே இருக்கிறது. டைக்கர் என்னும் ஒல்லாந்தவழிப் பெயருக்கு ‘மூழ்குவது’ என்பது பொருள். முன்கால் குட்டையாய், முதுகு வளைந்து, தலை தாழ்ந்து அமைந்த உடல் அதற்கு. ஆபத்தை உணர்ந்ததும் நீரில் மூழ்குபவன் போலப் புதருள் பாய்ந்து மறைந்துவிடும். கிளிப்ஸ்பிரிங்கர் என்றால் ‘பாறை தாவுவது’; குளம்பின் நுனியிலேயே நின்று செங்குத்தான பாறைகளில் ஏறும். டிக்டிக் என்பதோ அவ்விலங்கு அஞ்சும்போது எழுப்பும் ஒலி. வேட்டைக்காரனை அது காணும் அக்கணமே சுற்றுப்புறம் முழுவதற்கும் செய்தி பரவிவிடுகிறது. மத்திய ஆபிரிக்கக் காடுகளில் வாழும் மக்கள், துன்புறும் டைக்கரின் குரலை மூக்கொலியால் எழுப்பி அதனை அருகழைக்கின்றனர். தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகினாலன்றி அக்குரல் வாய்ப்பதில்லை.

இலங்கையில் மறிமான் இல்லை. எனினும், அதே உருவளவும் அதே ஒளியும் பழக்கமும் கொண்ட இரு விலங்குகள் மலைநாட்டில் உண்டு. கெகல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாக இறங்கும் இடத்தை அடுத்தது பொல்பிட்டிய. 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தால் பலரும் அறிந்த ஊர் அது. நாட்டில் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்றாகிய இப்பக்கத்தில், தேயிலை மலைகளுக்கு இடையே ஓடைக்கரைகளிலும் மேட்டு முகடுகளிலும் காட்டுத் துண்டுகள் எஞ்சி நிற்கின்றன. அங்கே சருகுமானும் குரைக்கும் மானும் வாழ்கின்றன.

சருகுமானை இலங்கைத் தமிழர் உக்குளான் என்றும் வழங்குவர். இது உண்மையில் மான் அன்று. தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு கிடையாது. ஆணுக்கு மேல்தாடையில் நீண்ட கோரைப்பல் உண்டு. அசைபோடும் பிற விலங்குகளின் இரைப்பை நான்கு அறைகள் உடையதாக, இதற்கு மூன்றே தெளிவாக அமைந்துள்ளன. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் முயலளவான இவ்விலங்கைக் குறித்துள்ளார். ‘மீமின்னா’ என்னும் சிங்களப் பெயரே ‘மெமின்னா’ என விஞ்ஞானப் பெயராயிற்று. 2005இல் குரோவ்ஸ், மெய்ஜார்ட் என்னும் ஆய்வாளர் இருவர், ஈரவலயச் சருகுமான் உலர்வலயத்ததினின்றும் வேறான இனம் என்று பிரித்துக் காட்டினர். ஆகவே, பொல்பிட்டியப் பக்கத்து ஓடைக்கரையில் திரியும் இச்சிற்றுயிர் உலகில் இலங்கையின் ஈரப் பகுதியிலன்றி வேறெங்கும் இல்லாதது.

அதன் காவல் ஓட்டத்தில் இல்லை, அசையாமையில் இருக்கிறது. பழுப்பு உடலில் ஓடும் வெளிறிய புள்ளிகளும் கோடுகளும், இலையிடுக்கு வழியே சருகின்மேல் விழும் வெயில் போலவே தோன்றும். மனிதன் சில அடி தொலைவில் கடந்து செல்லும்வரை அது சிலையாக நிற்கும். அந்தியிலும் இரவிலுமே இரைதேடும். பகலில் மரப்பொந்திலோ பாறையிடுக்கிலோ ஒடுங்கிக் கிடக்கும்.

குரைக்கும் மானின் வழி வேறு. தோளளவில் அரை மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரமும் செம்பழுப்பு நிறமும் உடைய இது, தனித்துத் திரியும் இயல்பினது. சிறுத்தையின் வாடை பட்டால் நாய் குரைப்பது போல விட்டுவிட்டு நெடுநேரம் குரைக்கும். அக்குரல் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். காட்டை அறிந்தவனுக்கு அது மானின் குரல் மட்டுமன்று. சிறுத்தை எத்திசையில் நடக்கிறது என்று சொல்லும் செய்தியும் ஆகும்.

மலைநாட்டில் வேட்டைக்குப் பெயர்பெற்ற வெள்ளையர் சாமுவேல் பேக்கர். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த அவர், வேட்டைநாய்களை ஏவி மரைகளை மடக்கிக் கத்தியாலேயே கொன்றவர். பின்னர் ஆபிரிக்கா சென்று, 1864இல் அல்பேட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடு அழிந்தது, துப்பாக்கியும் பெருகியது. விலங்குகள் அருகுவதை முதலில் உணர்ந்தோருள் வேட்டைக்காரரும் இருந்தனர். 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடக்கியவர்களுள் அவர்கள் பலர். தோட்டத்துரையாக இருந்த பிலிப்ஸ் என்பவர் இலங்கையின் பாலூட்டிகளை ஆராய்ந்து 1935இல் வெளியிட்ட கைந்நூல், பின்வந்த ஆய்வாளருக்கு அடிப்படையாயிற்று. விலங்கைத் தேடிக் கண்டறியும் திறமை அதனைக் கொல்வதற்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அந்நூல் சான்று.

துரைமாரின் வேட்டை இவ்வாறிருக்க, லயத்து வாழ்வு வேறு. குறைந்த கூலியில் குடும்பம் நடத்தும் தொழிலாளிக்கு இறைச்சி அரிய பொருள். லயத்தின் பின்னே அவர் பாடுபட்டு வளர்த்த மரவள்ளியையும் வற்றாளையையும் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறிவிட்டுப் போகும்போது, அந்த இழப்பை ஈடுசெய்ய வருவார் எவரும் இல்லை. சுருக்குக் கம்பி அவர் கைக்கு எட்டுவது இந்நிலையில்தான்.

கம்பியின் அமைப்பு எளியது. வாகனத்தின் பிரேக் கம்பியைச் சுருக்காக்கி விலங்கு செல்லும் ஒற்றையடித் தடத்தில் தொங்கவிட்டு, மறுமுனையை மரத்தில் கட்டிவிட்டால் போதும். தலை நுழைந்ததும் விலங்கு முன்னே இழுக்கும். இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். காது, கண், பொறுமை ஆகிய மூன்றும் இங்கே வேண்டுவதில்லை. வேட்டைக்காரன் வீட்டில் உறங்குகையில் கம்பி விழித்திருக்கிறது. சிறு மானினங்களின் தாய், குட்டியைப் புதரில் ஒளித்துவைத்துவிட்டே இரைக்குச் செல்லும். கண்ணால் கண்டு குறிவைப்பவன் தாயென அறிந்தால் விட்டுவிடலாம். கம்பிக்கு அந்தக் கண் இல்லை. பன்றிக்கு வைத்ததில் சருகுமான் சிக்கும்; சருகுமானுக்கு வைத்ததில் சிறுத்தை சிக்கும்.

இது வெறும் ஊகமன்று. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், மஸ்கெலியா ஓயாவின் மேற்பகுதியில் நல்லதண்ணி அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் சிக்கியது. அதனை உயிருடன் மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளித்தனர்; எனினும் சில நாட்களில், மே 29ஆம் திகதி, அது இறந்தது. சிக்கிய சிறுத்தையால் மனிதருக்கும் ஆபத்துண்டு. வலியில் வெறிகொண்ட அவ்விலங்கை விடியற்காலையில் முதலில் எதிர்ப்படக்கூடியவர், கூடையைச் சுமந்து மலையேறும் கொழுந்து பறிக்கும் பெண்ணே ஆவார். மேலும், குரைக்கும் மான் அற்றுப்போன காட்டில் சிறுத்தை பசிக்கு எங்கே செல்லும்? லயத்து நாயையும் ஆட்டையும் தேடியே வரும்.

1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இச்சிறு விலங்குகளைக் காக்கின்றன. அவற்றை வேட்டையாடுவது குற்றம். ஆனால், சட்டம் ஒவ்வோர் ஓடைக்கும் காவல் நிற்க இயலாது. பயிருக்கு உறுதியான வேலியும், இழப்புக்கு நியாயமான ஈடும் கிடைத்தாலன்றித் தொழிலாளியின் கை கம்பியை முற்றிலும் விட்டுவிடும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது.

தடம் பார்க்கவும், குரல் கேட்டுத் திசை அறியவும், அசையாது காத்திருக்கவும் வல்லவர்கள் மலைநாட்டுத் தோட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். கம்பி கட்டுமிடம் எது என்று அறிந்தவரே அதனை முதலில் கண்டு அகற்றவும் வல்லவர். அவர்களது அறிவுக்கு மதிப்பும் கூலியும் தந்து காட்டின் காவலுக்குப் பயன்படுத்தினால், சருகுமானும் பிழைக்கும். தலைமுறைகள் தேடிச் சேர்த்த அக்கலையும் பிழைக்கும்.